தேசியவாதமும் கோட்பாடும்

நமது அரசியல் உரைகளில் தேசியவாதம், கோட்பாடு என்னும் இரு சொற்களும் ஒரே பொருளில் கையாளப்படுவதைக் காண்கின்றோம். 'வாதம்' என முடிவதால் தேசியவாதமும் ஒரு கோட்பாடே என்ற மயக்கம் எழுகின்றது.

கோட்பாடு என்பது காரணங்களின் மீது நிறுவப்பட்ட பொதுநெறி. அதனை ஏற்பவர் எவராயினும், அது அனைவருக்கும் ஒரே விதமாகப் பொருந்த வேண்டும். தேசியவாதமோ, தன்னை ஒரு தேசமாக உணரும் மக்கள் கூட்டம் தனது இருப்பையும் உரிமையையும் நிலைநாட்ட எழுப்பும் குரல். அது தேவைக்கேற்பக் கோட்பாடுகளைத் துணைக்கொள்ளும். தேவை தீர்ந்தால் கைவிடவும் செய்யும்.

சமஷ்டியின் வரலாறு இதற்குச் சான்று. இலங்கைக்குச் சமஷ்டியே உகந்ததென 1926இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க வாதிட்டார். 1927இல் டொனமூர் ஆணைக்குழுவின் முன் அதனைக் கோரியது கண்டியத் தேசிய சபை. கரையோரச் சிங்களவரின் ஆதிக்கத்தில் தமது தனித்துவம் கரைந்துவிடும் என்பதே கண்டியரின் அச்சமாகும். அதே கோட்பாட்டை 1949இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி கையேற்றது. 1957இல் பண்டா - செல்வா ஒப்பந்தம் சமஷ்டியை எட்டாத ஓர் அதிகாரப் பகிர்வையே முன்வைத்தது. எனினும் அதனை எதிர்த்து ஜே.ஆர். ஜயவர்தன கொழும்பிலிருந்து பாதயாத்திரை தொடங்கினார். இம்புல்கொடையில் தடுக்கப்பட்ட அந்த யாத்திரை சென்றடைய விரும்பிய இடம் கண்டி தலதா மாளிகை. முப்பது ஆண்டுகளில் கோட்பாடு மாறவில்லை. அதனைக் கோரியவர்களும் எதிர்த்தவர்களுமே மாறினர்.

இதில் மற்றொரு முரணும் உண்டு. தமக்குத் தன்னாட்சி கோரிய கண்டியத் தலைவர்கள், தம் மண்ணின் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழருக்கு வாக்குரிமை வழங்கப்படுவதை எதிர்த்தனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஒடுக்கப்படும் மக்களின் தேசியவாதம் நியாயமானதே. ஆயினும் தனக்குக் கோரும் உரிமையை அயலவருக்கும் ஏற்கும்போதே அது கோட்பாட்டின் தகுதியைப் பெறுகின்றது. கிழக்கின் முஸ்லிம்கள் தொடர்பிலும் மலையக மக்கள் தொடர்பிலும் தமிழ்த் தேசியமும் இதே உரைகல்லில் தன்னை உரைத்துப் பார்த்தல் அவசியமாகும்.