இசைவாக்கத்திலிருந்து தூண்டலுக்கு: பரம்பரையலகுக் கட்டுப்பாட்டுக் கொள்கையின் வரலாறு

பாலிலுள்ள வெல்லமாகிய இலக்றோசை உணவாகப் பெறும்போது, அதனை உடைத்துப் பயன்கொள்வதற்கு வேண்டிய நொதியத்தைப் பற்றீரியா பெருமளவில் ஆக்குகின்றது. இலக்றோசு இல்லாத ஊடகத்தில் அந்நொதியம் அருகியே காணப்படும். கலமொன்று தன் பரம்பரையலகுகளை எவ்வாறு ஆளுகின்றது என்பதை விளக்குவதற்கு உயிரியற் பாடநூல்கள் பெரும்பாலும் எடுத்தாளும் முதலுதாரணம் இதுவே. பாடநூலில் இஃது ஒரு வரிப்படமாகச் சுருங்கிவிட்டது. வரிப்படத்தில் ஆண்டுகள் இல்லை, ஊர்கள் இல்லை, அதனை வரைந்தோர் எவரோடு வாதிட்டனர் என்ற செய்தியும் இல்லை. ஆனால், இவ்விளக்கம் உருவான 1940 முதல் 1961 வரையான காலத்தில் அதன் பின்னணியில் ஒரு போரும், ஓர் அந்நிய ஆக்கிரமிப்பும், பெரும் அரசியற் சர்ச்சையொன்றும் நின்றன. அவற்றை நீக்கிவிட்டு நோக்கின், இவ்வினா பாரிசு நகரிற் சிலருக்கு ஏன் அத்துணை முக்கியமானதாகத் தோன்றிற்று என்பது விளங்காது.

செய்தி பழையது. கலக்றோசு வெல்லத்தில் வளர்க்கப்பட்ட மதுவம் அதனை நொதிக்கச் செய்யும் ஆற்றலைப் பெற்றுக்கொள்கின்றது என 1900 இலேயே பிரான்சிய ஆய்வாளர் பிரெடரிக் டீனேர் காட்டியிருந்தார். 1930 இற் பின்லாந்தைச் சேர்ந்த ஹெனிங் கார்ஸ்றொம், எந்நேரமும் கலத்தில் உள்ள நொதியங்களையும் உணவுக்கேற்பத் தோன்றும் நொதியங்களையும் வேறுபிரித்து, பின்னவற்றுக்கு ‘இசைவாக்க நொதியங்கள்’ என்று பெயரிட்டார். பெயர் பொருத்தமானதாகவே தோன்றும். ஆயினும் ‘இசைவாக்கம்’ என்னும் சொல் நடுநிலையான சொல்லன்று. சூழல் உயிரை மாற்றுகின்றது, உயிர் தன் தேவையை உணர்ந்து மாறுகின்றது, அம்மாற்றம் வழித்தோன்றல்களுக்கும் செல்கின்றது என்ற இலமார்க்கின் கருத்துகளை அச்சொல் தன்னகத்தே சுமந்திருந்தது. பிரான்சிய உயிரியலாளர் பலரிடத்து இலமார்க்கின் செல்வாக்கு இருபதாம் நூற்றாண்டிலும் வலுவாக நிலைத்திருந்தமையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

ஜாக் மொனோ 1910 இற் பாரிசிற் பிறந்தவர். தந்தையார் ஓவியர், தாயார் அமெரிக்கர். 1936 இற் கலிபோர்னியாவில் மோர்கனின் ஆய்வுகூடத்துக்குச் சென்று பரம்பரையலகியலை நேரிற் கண்டு திரும்பியவர். சோர்போனில் அவர் மேற்கொண்ட கலாநிதிப் பட்ட ஆய்வு பற்றீரியாக்களின் வளர்ச்சியை அளப்பது பற்றியது. இருவகை வெல்லங்களைக் கலந்து கொடுத்தபோது, சில சோடிகளில் வளர்ச்சி வழக்கம்போல ஒரே ஏற்றமாக நிகழ்ந்தது. ஆனால், குளுக்கோசும் இலக்றோசும் போன்ற சில சோடிகளில் பற்றீரியா முதலிற் குளுக்கோசை உண்டு வளர்ந்தது. பின்னர் வளர்ச்சி சிறிது நேரம் நின்றது. அதன்பின் இலக்றோசை உண்டு மீண்டும் வளர்ந்தது. இவ்விரட்டை வளர்ச்சியின் இடையில் வந்த தரிப்பின் பொருள் யாது? 1940 டிசெம்பரில் மொனோ இவ்வினாவை பாஸ்ரர் நிறுவகத்தில் இருந்த அந்திரே லுவொவ்விடம் எடுத்துச் சென்றார். இது நொதிய இசைவாக்கத்தோடு தொடர்புடையதாகலாம் என்று லுவொவ் கூறினார். அச்சொல்லை மொனோ அதற்குமுன் கேள்விப்பட்டிருக்கவில்லை.

அப்பொழுது பாரிசு ஜேர்மன் படையின் பிடியில் இருந்தது. 1941 இற் கலாநிதிப் பட்டம் பெற்ற மொனோ எதிர்ப்பியக்கத்திலும் செயற்பட்டார். சோர்போன் ஆய்வுகூடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பதப்படுத்திய ஒட்டகச்சிவிங்கி ஒன்றின் காலுக்குள் அவர் இரகசிய ஆவணங்களை மறைத்துவைத்தார் என்ற செய்தி இன்று பரவலாக அறியப்பட்டது. சோர்போன் ஆபத்தான இடமானபோது லுவொவ்வின் மேன்மாட ஆய்வுகூடம் அவருக்குப் புகலிடமாயிற்று. கம்யூனிஸ்ற் கட்சியின் ஆயுதக் குழுவிற் பணியாற்றிய அவர் கட்சியிலும் சேர்ந்தார். போர் முடிந்தபின் அதனை விட்டு விலகினார். போரின் இறுதிக்கட்டத்தில் அமெரிக்கப் படையின் நடமாடும் நூலகமொன்றில் அவர் கண்ட பரம்பரையலகியல் இதழில், லூரியாவும் டெல்புரூக்கும் 1943 இல் எழுதிய கட்டுரை இருந்தது. பற்றீரியாக்களின் விகாரங்கள் சூழலின் தேவைக்கேற்பத் தோன்றுவனவல்ல, தற்செயலாகத் தோன்றுவன என்பதை அக்கட்டுரை கணித முறையால் நிறுவியிருந்தது. பற்றீரியாவுக்கும் பரம்பரையலகு உண்டு. அது தேவையை அறியாது. அப்படியாயின், தேவைப்படும்போது மட்டும் தோன்றும் நொதியத்தை என்னென்பது?

இவ்வினா ஆய்வுகூடத்துக்குள் மட்டும் அடங்கியிருக்கவில்லை. 1948 ஓகஸ்ற் மாதத்தில் மொஸ்கோவில் நடந்த வேளாண்மை விஞ்ஞானக் கழகக் கூட்டத்தில், பரம்பரையலகியல் முதலாளித்துவப் பொய்யென்றும், சூழலாற் பெறப்படும் இயல்புகள் வழித்தோன்றல்களுக்குச் செல்லுமென்றும் லைசென்கோ அறிவித்தார். அவ்வுரையை ஸ்டாலின் தம் கைப்படத் திருத்தினார் என்பது பின்னர் ஆவணங்களால் வெளிப்பட்டது. லைசென்கோவின் கொள்கையை எதிர்த்த தாவரவியல் மேதை வவிலோவ் அதற்கு ஐந்தாண்டுகளின் முன்னரே, 1943 ஜனவரியில், சராத்தோவ் சிறையில் இறந்திருந்தார். பிரான்சிலும் கட்சிசார் ஏடுகள் லைசென்கோவை வரவேற்றன. கவிஞர் அராகொன் அவருக்குச் சார்பாக எழுதினார். 1948 செப்ரெம்பரில் மொனோ ‘கொம்பா’ நாளிதழிற் கடுமையான மறுப்பொன்றை வெளியிட்டார். லைசென்கோவின் கொள்கை பிழையானதா என்பதன்று அவர் எழுப்பிய வினா. அதை அவர் ஐயத்துக்கிடமான விடயமாகவே கருதவில்லை. இத்தகைய ஒருவர் தம் தோழர்கள் அனைவரையும் வென்று அதிகாரம் பெறுவது எவ்வாறு சாத்தியமாயிற்று என்றே அவர் வினவினார். இதன்பின் மொனோவின் ஆய்வுகூடத்தில் நடந்தவற்றை இச்சர்ச்சையிலிருந்து பிரித்து வாசிப்பது கடினம். ‘இசைவாக்க நொதியம்’ லைசென்கோவாதிகள் சுட்டிக்காட்டக்கூடிய ஒரு சான்றாக இருந்தது. அச்சான்றைப் பரம்பரையலகியலின் பக்கம் கொண்டுவந்து சேர்ப்பதே மொனோவின் முன்னிருந்த பணியாயிற்று எனலாம்.

சோவியத் ஒன்றியத்தார் மட்டுமே மறுபக்கத்தில் நின்றனர் என எண்ணுதல் தவறு. 1956 இல் இரசாயனவியலுக்கான நோபற் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஒக்ஸ்போர்ட் அறிஞர் சிறில் ஹின்ஷெல்வுட்டும் பற்றீரியாக்களின் மாற்றங்களை இசைவாக்கமாகவே விளக்கிவந்தார்.

மொனோவும் அமெரிக்காவிலிருந்து வந்த மெல்வின் கோனும் 1950களின் தொடக்கத்திற் செய்த பரிசோதனைகளே இவ்வரலாற்றின் உண்மையான திருப்பம் என்று கொள்ளத் தோன்றுகின்றது. பின்வந்த புகழ்பெற்ற பரிசோதனைகள் இவற்றை மறைத்துவிட்டன. அவர்கள் இலக்றோசை ஒத்த கட்டமைப்புடைய பல சேர்வைகளைப் பற்றீரியாவுக்குக் கொடுத்தனர். அவற்றுட் சிலவற்றை நொதியத்தால் உடைக்கவே முடியாது. பற்றீரியாவுக்கு அவற்றால் எவ்வித உணவுப்பயனும் இல்லை. ஆயினும் அவற்றின் முன்னிலையில் நொதியம் ஏராளமாகத் தோன்றிற்று. வேறு சிலவற்றை நொதியம் நன்கு உடைக்கும்; ஆனால் அவை நொதியத்தைத் தோற்றுவிக்கவில்லை. அதாவது, நொதியத்தின் தோற்றத்துக்கும் அதன் பயனுக்கும் இடையே கட்டாயத் தொடர்பு இல்லை. பற்றீரியா தன் தேவையை ‘உணர்ந்து’ செயற்படுவதாயின், பயனற்ற பொருளொன்றால் இவ்வாறு ஏமாற்றப்பட்டிராது. 1955 இல் ஹொக்னசும் கோனும் மொனோவும் இன்னொன்றைக் காட்டினர்: தோன்றும் நொதியம் முன்பிருந்த புரதமொன்று உருமாறியதன்று, அமினோவமிலங்களிலிருந்து புதிதாகவே தொகுக்கப்படுகின்றது.

இதற்கிடையே, 1953 இல், கோன், மொனோ, பொலொக், ஸ்பீகல்மன், ஸ்ரானியர் ஆகிய ஐவரும் ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினர். ‘நொதிய இசைவாக்கம்’ என்ற தொடரைக் கைவிட்டு ‘தூண்டப்பட்ட நொதியவாக்கம்’ என்று வழங்கவேண்டுமென அவர்கள் முன்மொழிந்தனர். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் இக்கடிதத்தின் பெறுமதியை எளிதில் உணர்வர். ‘இசைவாக்கம்’ என்றால் நோக்கம் ஒன்று உள்ளதாகப் பொருள்படும். ‘தூண்டல்’ என்றாற் காரணம் ஒன்றைத் தேடவேண்டும்.

காரணம் மேன்மாடத்தின் மறுகோடியில் இருந்து வந்தது. லுவொவ் ஆராய்ந்தது, பற்றீரியாக்களைத் தாக்கும் சில வைரசுகள் அவற்றுள் ஒடுங்கியிருக்கும் நிலையை. அத்தகைய வைரசு பல தலைமுறைகளுக்குக் கலத்தினுள் அமைதியாக இருந்து, பின்னர் திடீரெனப் பெருகிக் கலத்தைச் சிதைக்கும். ஊதாக்கடந்த கதிர்களால் இவ்விழிப்பைத் தூண்டலாம் என்று 1950 இல் லுவொவ் குழுவினர் கண்டனர். இவ்வாய்வுக்கு பாஸ்ரர் நிறுவகத்திற் போருக்குமுன் அடித்தளமிட்டவர்கள் யூஜின், எலிசபெத் வொல்மன் தம்பதியினர். யூதர்களாகிய இருவரும் 1943 இற் கைதாகி அவுஷ்விற்சுக்கு அனுப்பப்பட்டனர், மீளவில்லை. அவர்களின் மகன் எலி வொல்மன் பின்னர் அதே மேன்மாடத்திற் பணியாற்றினார். அங்கே அவரோடு இணைந்தவர் பிரான்சுவா ஜாக்கொப். மருத்துவ மாணவராயிருந்த ஜாக்கொப் 1940 இல் நாட்டைவிட்டு வெளியேறிச் சுதந்திர பிரான்சியப் படையிற் சேர்ந்து, 1944 இல் நோர்மண்டியிற் படுகாயமுற்றார். அறுவை மருத்துவராகும் எண்ணம் அத்துடன் முடிந்தது; 1950 இல் அவர் லுவொவ்விடம் வந்தார்.

பற்றீரியாக்கள் இணையும்போது ‘ஆண்’ பற்றீரியாவின் நிறமூர்த்தம் ‘பெண்’ பற்றீரியாவினுள் மெல்ல மெல்லச் செல்கின்றது. வொல்மனும் ஜாக்கொப்பும் சமையலறை அரைபொறியொன்றாற் சோடிகளைக் குறித்த நேரத்திற் பிரித்து, எப்பரம்பரையலகு எத்தனையாவது நிமிடத்தில் உட்செல்கின்றது என்று கணித்தனர். ஒடுங்கிய வைரசைச் சுமந்த நிறமூர்த்தம் வைரசற்ற கலத்தினுள் நுழைந்தவுடன் வைரசு விழித்துக்கொண்டது. மறுதலையாகச் செய்தபோது விழிக்கவில்லை. வைரசை உறங்கவைப்பது கலத்தின் முதலுருவில் உள்ள ஏதோவொரு பொருள் என்று அதனாற் கருத இடமேற்பட்டது.

1957 இற் கலிபோர்னியாவிலிருந்து ஆதர் பார்டீ ஓராண்டு விடுமுறையிற் பாரிசுக்கு வந்தார். அவர், ஜாக்கொப், மொனோ மூவரும் இணைதல் உத்தியை இலக்றோசுப் பிரச்சினைக்குப் பயன்படுத்தினர். தூண்டும் பொருள் இல்லாமலே எந்நேரமும் நொதியத்தை ஆக்கும் விகாரக் கலங்கள் சிலவற்றை மொனோ ஏற்கெனவே பெற்றிருந்தார். அத்தகைய கலம் உள்ளே தனக்கென ஒரு தூண்டியைத் தானே ஆக்குகின்றது என்பது அவரது எதிர்பார்ப்பு. நொதியத்துக்குரிய பரம்பரையலகும் கட்டுப்பாட்டுக்குரிய பரம்பரையலகும் பழுதுற்ற பெண் கலத்தினுள், இரண்டும் செவ்வையாக உள்ள நிறமூர்த்தத்தைச் செலுத்தினர். சில நிமிடங்களுள் நொதியம் தோன்றிற்று. ஆனால், இரண்டு மணித்தியாலத்துக்குள் அது நின்றுவிட்டது. தூண்டியைச் சேர்த்தபோது மட்டுமே தொடர்ந்தது. செவ்வையான கட்டுப்பாட்டுப் பரம்பரையலகு தன் விளைபொருளை ஆக்கச் சிறிது காலம் எடுத்தது; அவ்விளைபொருளே நொதியவாக்கத்தை அடக்கியது. மொனோவின் எதிர்பார்ப்பு தலைகீழாயிற்று. இலக்றோசு நொதியத்தை ஆக்குமாறு ஏவவில்லை. ஆக்கத்தைத் தடுக்கும் ஒன்றை நீக்குகின்றது. பௌதிகவியலாளர் லியோ சிலார்ட் பாரிசுக்கு வந்திருந்தபோது இத்தகைய இரட்டை மறுப்பையே வலியுறுத்தியிருந்தார்.

1958 கோடையில் ஜாக்கொப் இருகோடிகளையும் இணைத்தார். வைரசின் உறக்கமும் நொதியத்தின் இன்மையும் ஒரே பொறிமுறையின் இரு தோற்றங்கள்; இரண்டிலும் ‘அடக்கி’ ஒன்று நிறமூர்த்தத்தின் மீதே செயற்படுகின்றது. மொனோ முதலில் இதனை ஏற்கவில்லை. பின்னர் ஏற்றதோடு அதனை அளவையியல் ஒழுங்குக்குட் கொண்டுவந்தார். 1960 இல் ‘ஒபரோன்’ என்னும் கருத்து வெளியாயிற்று. 1961 இல் இருவரும் எழுதிய நெடுங்கட்டுரை, புரதத்தின் அமைப்பைத் தரும் பரம்பரையலகுகளையும் அவற்றை ஆளும் பரம்பரையலகுகளையும் பிரித்துக் காட்டியது. அவ்வாண்டிலேயே தூது ஆர்.என்.ஏ. பரிசோதனையால் நிறுவப்பட்டது. 1965 இல் லுவொவ், மொனோ, ஜாக்கொப் மூவருக்கும் நோபற் பரிசு கிடைத்தது. லைசென்கோ மொஸ்கோ பரம்பரையலகியல் நிறுவகத்தின் பணிப்பாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டதும் அதே ஆண்டிலாகும்.

புதிய கொள்கையின் மொழி எங்கிருந்து வந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. அடக்கி, இயக்கி, சுற்று, சைகை ஆகிய சொற்கள் இரசாயனவியலுக்கு உரியனவல்ல. நோபேட் வீனரின் ‘சைபநெற்றிக்ஸ்’ நூல் 1948 இல் வெளியானது முதல் பரவிவந்த பொறியியல் மொழிக்கு உரியன. இம்மொழி பெரும் பயன் தந்தது. ஆனால் அது கண்ணையும் கட்டியது. பற்றீரியாவுக்குப் பொருந்துவது யானைக்கும் பொருந்தும் என்பது மொனோவின் உறுதியான நம்பிக்கை. அடக்குதலே பொதுவிதி என்ற எண்ணம் வலுத்தமையால், அரபினோசு வெல்லத்தின் கட்டுப்பாடு ஊக்குதலால் நிகழ்கின்றது என்று 1960களில் எல்லிஸ் எங்கிள்ஸ்பேர்க் காட்டியபோது பலர் அதை நம்ப மறுத்தனர். சோளத்தின் பரம்பரையலகுகளை வேறு கூறுகள் கட்டுப்படுத்துகின்றன என்று பார்பரா மக்ளின்ரொக் 1951 இலேயே கூறியிருந்தார். பாரிசின் கட்டுரை வெளியான 1961 இல் இரண்டுக்கும் உள்ள ஒப்புமையை அவர் எடுத்தெழுதினார். அவருக்கான நோபற் பரிசு 1983 வரை வரவில்லை. முளையத்தின் கலங்கள் அனைத்தும் ஒரே பரம்பரையலகுத் தொகுதியைக் கொண்டிருந்தும் ஒன்று தசையாகவும் மற்றொன்று நரம்பாகவும் விருத்தியடைவதேன் என்ற பெருவினாவுக்கும் இவ்விளக்கம் வழி திறந்தது, விடை தரவில்லை. அவ்வழியே சென்றோர் நெடுந்தூரம் செல்லவேண்டியிருந்தது. பழ ஈயின் முளையத்தை ஒழுங்குபடுத்தும் பரம்பரையலகுகளை நூஸ்லைன் வொல்ஹாட்டும் வீஷவுசும் 1980 இல் வெளியிட்டனர்.

அடக்கியை எவரும் கண்ணாற் காண்பதற்கு முன்னரே நோபற் பரிசு வழங்கப்பட்டது என்பது வியப்புக்குரியது. இலக்றோசு அடக்கியை 1966 இல் கில்பேட்டும் முல்லர் ஹில்லும், வைரசின் அடக்கியை 1967 இல் மார்க் ராஷ்னியும் பிரித்தெடுத்தனர். இரண்டும் புரதங்களே. 2000 இல் எலோவிற்சும் லைப்லரும் பற்றீரியாவினுள் அமைத்த செயற்கை ஊசற் சுற்றில் இவ்விரு அடக்கிகளும் மூன்றாவதொன்றோடு சேர்ந்து இடம்பெற்றன.

எஞ்சியது மொனோவின் முதல் வினா. பற்றீரியா இலக்றோசை விட்டுக் குளுக்கோசை முதலில் உண்பது ஏன் என்பதற்கு ஒபரோன் விடை கூறவில்லை. புடபெஸ்டிலிருந்து தப்ப விரும்பிய உயிரிரசாயனவியலாளர் அக்னஸ் உல்மனையும் அவர் கணவரையும் 1960 இல் எல்லை கடத்துவதற்கு மொனோ தம் எதிர்ப்பியக்க அனுபவத்தைப் பயன்படுத்தித் திட்டமிட்டார். உல்மன் இழுவை வண்டியொன்றின் குளியற்றொட்டிக்கு அடியில் ஒளிந்து ஒஸ்திரியாவை அடைந்தார். குளுக்கோசு உள்ளபோது பற்றீரியாவில் வட்ட ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு குறைகின்றது என 1965 இல் மக்மனும் சதலண்டும் கண்டனர். அதனை வெளியிலிருந்து சேர்த்தாற் குளுக்கோசின் தடை நீங்குகின்றது என்று 1968 இல் உல்மனும் மொனோவும் காட்டினர். அம்மூலக்கூறு செயற்படுவது அடக்குதலால் அன்று, ஊக்குதலால் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1976 இல் மொனோ காலமானார். குளுக்கோசு இருக்கும்வரை இலக்றோசு கலத்தினுள் நுழையும் வாயிலே அடைபட்டிருப்பதும் அவ்வளர்ச்சித் தரிப்புக்குப் பெருங்காரணம் என்பதை 1996 இல் யப்பானிய ஆய்வாளர்கள் நிறுவினர்.