பின்னோக்கிச் சுழன்ற நாடா: டேனியல் ஏமஸ் குழுவின் ‘டாப்பல்கேங்கர்’ (1983)

1982ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றக் குழு ஒன்றின் அமர்வில் லெட் செப்பெலின் குழுவின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாடல் பின்னோக்கி ஒலிக்கச் செய்யப்பட்டது. சாத்தானைப் போற்றும் சொற்கள் அதில் ஒளிந்திருப்பதாகக் குற்றச்சாட்டு. மறுஆண்டு அர்கன்சா சட்டமன்றம், பின்னோக்கிய ஒலியடங்கிய இசைத்தட்டுகளில் எச்சரிக்கை ஒட்டப்பட வேண்டுமென மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் பில் கிளின்டன் அதைத் திருப்பியனுப்பவே அது கைவிடப்பட்டது. இந்த அச்சத்தை ஊட்டி வளர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் கிறித்தவப் போதகர்கள்.

அதே 1983இல், அதே கலிபோர்னியாவிலிருந்து, ஒரு கிறித்தவ ராக் குழு தன் இசைத்தொகுப்பைப் பின்னோக்கிச் சுழன்ற நாடாவுடன் தொடங்கியது.

டேனியல் ஏமஸ் என்னும் அக்குழு ‘இயேசு இயக்கம்’ எனப்பட்ட இளைஞர் எழுச்சியின் பிள்ளை. 1976இல் மாரநாதா நிறுவனம் வெளியிட்ட முதல் தொகுப்பு கிராமிய மணம் வீசும் கன்ட்ரி ராக். சபை இளைஞர்கள் விரும்பிக் கேட்டது. பின்னர் உருவான ‘ஹொரெண்டஸ் டிஸ்க்’ பதிவாகியும் வெளிவராமல் நெடுங்காலம் முடங்கி, 1981இல்தான் கேட்போரை அடைந்தது. ஏறத்தாழ அதே வேளையில் ‘அலார்மா!’வும் வந்தது. கூர்மையான கிடார், இறுக்கமான தாளம், பதற்றம் தொனிக்கும் குரல் என அது முழுக்க நியூ வேவ். இடைக்கால வளர்ச்சியைப் படிப்படியாகக் கேட்க வாய்க்காத பழைய ரசிகர்களுக்கு இது திடீர்த் திருப்பமாகவே தோன்றியிருக்கும். ‘அலார்மா!’ நான்கு தொகுப்புகள் கொண்ட வரிசையின் முதற்பகுதி, ‘டாப்பல்கேங்கர்’ இரண்டாவது. தலைப்பு ஒருவரின் மறுவுருவைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்.

முதற்பாடலான ‘ஹாலோ மேன்’ உருவான விதமே இங்கு கருதத்தக்கது. முந்தைய தொகுப்பிலிருந்த ‘கோஸ்ட் ஆஃப் தி ஹார்ட்’ பாடலின் இசைத்தடத்தைப் பின்னோக்கி ஓடவிட்டு, அதன்மேல் டெர்ரி டெய்லர் புதிய சொற்களை ஏற்றினார். டி. எஸ். எலியட் 1925இல் வெளியிட்ட ‘தி ஹாலோ மென்’ கவிதையின் நிழல் அச்சொற்களில் படிந்துள்ளது. முரசடி இயல்பில் சட்டென எழுந்து மெல்லத் தேயும். திருப்பிய நாடாவிலோ மெல்லப் பெருகிச் சட்டென அறுபடும். ஒவ்வொரு ஒலியும் பிறக்குமிடத்தில் இறக்கிறது. உள்ளீடற்ற மனிதனைப் பற்றிய பாடலுக்கு இதைவிடப் பொருத்தமான உடல் கிடைப்பது அரிது.

ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெட்ரா என்னும் மற்றொரு கிறித்தவ ராக் குழு 1982இல் தன் தொகுப்பொன்றில் பின்னோக்கிய வாசகம் ஒன்றை வைத்தது. திருப்பிக் கேட்டால், சாத்தானைத் தேடுவதை விட்டுக் கர்த்தரைத் தேடலாமே என்ற அறிவுரை கிடைக்கும். நல்ல கேலிதான். ஆயினும் திருப்பிக் கேட்டால் செய்தி உண்டு என்ற நம்பிக்கையை அது குலைக்கவில்லை. ‘ஹாலோ மேனை’த் திருப்பினால் கிடைப்பது அக்குழுவின் சொந்தப் பழைய பாட்டே.

மொழியியல் நோக்கில் இவ்வேறுபாடு முக்கியமானது. நம் மாலைமாற்று எழுத்தின் வரிசையைத் திருப்புவது. நாடா ஒலியலையையே திருப்புவது. எழுத்தில் ‘விகடகவி’ இருபுறமும் ஒன்றே. நாடாவில் திருப்பினால் ‘இவகடகிவ்’ போன்ற ஒன்றே கேட்கும். 1985இல் கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் வோக்கி, ரீட் இருவரும் 23ஆம் சங்கீதம் உள்ளிட்ட பகுதிகளைப் பின்னோக்கி ஒலிக்கச் செய்து சோதித்தனர். பேசுவது ஆணா பெண்ணா என்பதைக் கேட்டோரால் சொல்ல முடிந்தது. பொருளை அறிய முடியவில்லை. இன்ன தொடர் வரும் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டபோது மட்டும் பெரும்பாலோர் அதைக் ‘கேட்டனர்’. சாத்தானின் குரல் நாடாவில் இல்லை, போதகரின் முன்னுரையில் இருந்தது.

தொகுப்பின் சினமும் அத்தகைய மேடைகளை நோக்கியதே. ‘நியூ கார்!’ செழிப்பு உபதேசத்தைத் தொலைக்காட்சிப் பரிசுப் போட்டியாக்குகிறது. ‘ஐ டிடின்ட் பில்ட் இட் ஃபார் மீ’ தேவனின் பெயரால் மாளிகை எழுப்புவோரை நையாண்டி செய்கிறது. ‘ஆட்டோகிராஃப்ஸ் ஃபார் தி சிக்’ பிணியாளரிடையே புகழ் தேடும் ஊழியத்தைக் குத்துகிறது. வணிக வளாகங்களைப் பற்றிய ‘மால்’ இவற்றோடு நோக்க எளிய இலக்கைத் தேர்ந்ததாகவே படுகிறது. இவற்றைப் பாடியவர்கள் வெளியிலிருந்து கல்லெறிந்த நாத்திகர் அல்லர். அச்சபைகளின் கிறித்தவக் கடைகளையே விற்பனைக்கு நம்பியிருந்தவர்கள். இருந்தும் வரிசையை அவர்கள் நிறுத்தவில்லை: ‘வாக்ஸ் ஹியூமானா’ 1984இலும் ‘ஃபியர்ஃபுல் சிமெட்ரி’ 1986இலும் வந்தன.

‘டாப்பல்கேங்கரின்’ இறுதியில் ‘ஹியர் ஐ ஆம்’ என்ற பாடல், ‘இதோ இருக்கிறேன்’ என்று விவிலியத்தில் அழைக்கப்பட்டோர் கூறும் விடையைத் தலைப்பாகக் கொண்டது. அதோடு முடித்திருக்கலாம். அதன்பின் ‘ஹாலோ மேன்’ சிறிது நேரம் மீண்டும் வருகிறது.