யாழ்ப்பாண வணிகமும் நம்மவரும்

யாழ் நகரில் முதலிட்ட புலம்பெயர்ந்தோர் என்றதும் பலரும் இலண்டனையும் தொறன்ரோவையுமே எண்ணுகின்றனர். 2009க்குப் பின் அப்பணத்தில் விடுதிகளும் மண்டபங்களும் எழுந்தது மெய்யே. ஆயினும் புத்தளம் வரையே பெயர்ந்த வணிகரும் உளர். அவர்களை நாமாவது எழுதி வைத்தல் வேண்டும்.

இரும்புச் சாமான், நகை, தையல் எனத் தலைமுறைகளாகத் தொழில் நடத்திய சோனகத் தெருவினர், 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகளின் கட்டளையால் இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டனர். சரக்கும் நகையும் பறிபோயின. சரக்கினும் பெரிய முதல், கொடுக்கல் வாங்கலில் சேர்ந்த நாணயம் அன்றோ! அதுவும் ஊரோடு நின்றுவிட்டது.

2002இல் ஏ9 பாதை திறந்தபின் திரும்பியோர் சிலரே. இடிந்த சுவரை எழுப்பவும் கையில் முதலில்லை. பழைய இரும்பு வாங்கி விற்றுத் தொடங்கினர் சிலர். குடும்பத்தைப் புத்தளத்திலேயே விட்டுத் தாம் மட்டும் வந்து கடை திறந்தோரும் உண்டு.