ரோபோவின் உடலும் பேராதனையின் இறப்பர்ப் பாலும்



ரோபோ என்றதும் இரும்பு மனிதன்தான் எம்மில் பலருக்கு நினைவில் வரும். 1206 இல் அல்-ஜஸரீ தன் நூலில் வரைந்து விளக்கிய தானியங்கிப் பொம்மைகளுக்கும் செம்பும் மரமும்தான் உடல். இன்று முப்பரிமாண அச்சுப்பொறியில் உருவாகும் ரோபோக்கள் பலவற்றுக்கு உடல் பல்பகுதியம், அதாவது பொலிமர். அந்தப் பொருளின் வரலாற்றில் எமது ஹந்தானை மலையடிவாரத்துக்கும் பங்கு உண்டு.

இறப்பர், மரம் தரும் பல்பகுதியம். 1876 இல் பிரேசிலில் சேகரித்த விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. அந்த நாற்றுகளில் 1,900 க்கும் மேல் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவில் நட்டார்கள். மரம் வளர்ந்தது. பாலை எப்படித் திரைய வைப்பது? அமேசன் காட்டில் நெருப்புப் புகையில் காட்டித்தான் இறுக வைத்தார்கள். 1898-99 இல் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் பணியாற்றிய ஜோன் பார்க்கின், அசற்றிக் அமிலம் சேர்த்தே சுத்தமாகத் திரைய வைக்கலாம் என்று காட்டினார். எங்கள் வீட்டு வினாகிரியில் இருக்கும் அதே அமிலம்!

இறப்பர் ஏன் இழுபடுகிறது? சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகக் கோர்ந்திருப்பதே பல்பகுதியம் என்று 1920 இல் ஜேர்மனியின் ஸ்டௌடிங்கர் சொன்னபோது பல விஞ்ஞானிகள் நம்பவில்லை. 1953 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1984 இல் அமெரிக்காவின் சக் ஹல், ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசினை அடுக்கடுக்காக இறுக்கிப் பொருள் செய்யும் முறைக்குக் காப்புரிமை கோரினார். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் முறை அடுத்து வந்தது. இங்கேதான் ஒரு சிக்கல். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய இறப்பரில் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதால் அது மீண்டும் உருகாது. அதனால் உருகவும் வேண்டும், இறப்பர் போல வளையவும் வேண்டும் என்று பொலியுரேதேன் வகை இழைகளைச் செய்தார்கள். தக்காளியை நசுக்காமல் பிடிக்கும் ரோபோ விரல்களை இன்று இவற்றால் அச்சிடுகிறார்கள். 2016 இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் செய்த எட்டுக்கால் ரோபோவின் உடல் முழுவதும் மென்மையானது; சிலிக்கோனால் ஆனது.

1952 இல் சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கிய நாடு இது. இன்று டயரும் கையுறையும் செய்து ஏற்றுமதி செய்கிறோம். அடுத்த படிக்குப் போக, அச்சுப்பொறியை இயக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அதற்குள் போகும் பொருளையும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பிள்ளை அச்சிட்ட ரோபோக் கை ஒன்றைக் கொண்டுவந்தால், "இது எதனால் ஆனது? ஏன் வளைகிறது?" என்று கேளுங்கள். விடையைத் தேடும் பிள்ளைதான் நாளை புதிய பொருள் ஒன்றைச் செய்யும், இன்ஷா அல்லாஹ்.