பானெட்டைத் திறந்த பெண்கள்

சாலையோரத்தில் ஒரு கார் கிளம்ப மறுத்து நிற்கிறது. ஓட்டிவந்தது பெண் என்றால் ஐந்து நிமிடத்தில் நாலு பேர் கூடிவிடுவார்கள். ஒருவர் சாவியைக் கேட்பார். இன்னொருவர் கேட்காமலே பானெட்டைத் தூக்குவார். "என்னம்மா பண்ணீங்க?" என்பதே முதல் கேள்வியாக இருக்கும். வண்டிக்கு என்ன ஆயிற்று என்பது அதற்குப் பிறகுதான் வரும். இந்தக் காட்சி நமக்கு மிகவும் பழகிப்போய்விட்டது. அதனால் மோட்டார் வண்டியைப் பற்றிய அறிவு தொடக்கம் முதலே ஆண்களுடையதாக இருந்தது என்று நாமும் நம்பிவிடுகிறோம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. நின்றுபோன காரை என்ன செய்வது என்று பெண்களுக்குச் சொல்லித்தரும் கையேடு ஒன்று 1909 இல் லண்டனில் வெளிவந்தது. எழுதியவர் டோரதி லெவிட், பந்தயக் கார் ஓட்டிய பெண்.

லெவிட் 1882 இல் லண்டனின் ஹாக்னி பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் எலிசபெத் லெவி. நேப்பியர் கார் நிறுவனத்தில் காரியதரிசியாக வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கார்களை விற்றுவந்த செல்வின் எட்ஜ் தானும் ஒரு பந்தய வீரர். 1902 இல் கார்டன் பென்னட் கோப்பையை வென்றவர். இளம்பெண் ஒருத்தி பந்தயத்தில் ஓட்டினால் பத்திரிகைகள் எழுதும், கார் விற்கும் என்பது அவருடைய கணக்கு. 1903 இல் லெவிட் பந்தயத்தில் இறங்கினார். 1905 ஜூலையில் பிரைட்டன் கடற்கரைச் சாலையில் 80 குதிரைத்திறன் கொண்ட நேப்பியரை மணிக்கு 79.75 மைல் வேகத்தில் ஓட்டினார். அடுத்த ஆண்டு பிளாக்பூலில் அந்த வேகம் ஏறத்தாழ 91 மைலைத் தொட்டது. அந்த ஓட்டத்தின்போது பானெட்டின் முன்பகுதி கழன்று ஆடத் தொடங்கியது. உரிய நேரத்தில் நிறுத்தியிராவிட்டால் அது பறந்துவந்து தன் தலையையே சீவியிருக்கும் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் காலத்துக் காரைக் கிளப்புவதே பெரிய வேலை. காரின் முன்புறம் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் கைப்பிடியைக் கையால் சுழற்றினால்தான் இன்ஜின் உயிர்பெறும். அதற்குமுன் பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் நெம்புகோலைத் தாமத நிலையில் வைக்க வேண்டும். அதை மறந்தால், பிஸ்டன் மேலேறி முடிப்பதற்குள் பெட்ரோல் ஆவி தீப்பிடித்து, கைப்பிடி எதிர்த்திசையில் உதறும். அப்படி மணிக்கட்டு முறிந்தவர்கள் ஏராளம். கைப்பிடியை உள்ளே தள்ளிப் பொருத்தி மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்க வேண்டும், ஒருபோதும் கீழ்நோக்கி அழுத்தக் கூடாது என்கிறார் லெவிட். மேல்நோக்கி இழுக்கும்போது இன்ஜின் உதறினால் கைப்பிடி விரல்களை விட்டு நழுவிப்போகும். கீழ்நோக்கி அழுத்தும் கையின் மேல் உடலின் பாரமே இருக்கும். உதறலை அந்த எலும்புதான் தாங்க வேண்டும்.

சுழற்றியும் கிளம்பவில்லை என்றால்? பெட்ரோல் இன்ஜினிடம் அன்றும் இன்றும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஸ்பார்க் விழுகிறதா? பெட்ரோல் வருகிறதா? சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா?

அந்நாளைய காரில் இந்த மூன்றையும் வெறும் கையாலேயே சோதித்துவிடலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கம்பியை மாட்டியபடியே சிலிண்டரின் உலோகத்தின் மேல் படுக்கவைத்து, கைப்பிடியைச் சுழற்றினால் பிளக்கின் முனையில் நீலப் பொறி தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பிளக்கில் கரி படிந்திருக்கலாம், கம்பி தளர்ந்திருக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம். பொறி நன்றாக விழுந்தால் சந்தேகம் பெட்ரோல் பக்கம் திரும்பும். தொட்டியில் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா, கார்புரேட்டர் வரை வந்து சேர்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கருவிதான் கார்புரேட்டர். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருப்பதைப் போலவே அதற்குள்ளும் ஒரு மிதவை பெட்ரோலின் மட்டத்தைக் காத்து நிற்கும். பெட்ரோல் பீறிவரும் நுண்துளையை ஒரு தூசி அடைத்தால் போதும், 80 குதிரைத்திறனும் படுத்துவிடும். அந்தத் துளையுள்ள பாகத்தைக் கழற்றி ஊத வேண்டும். பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்திருந்தால் துடைத்துக் காயவைக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்து, கைப்பிடி மட்டும் கனமில்லாமல் லேசாகச் சுழன்றால், வால்வு சரியாக மூடாமல் அழுத்தம் கசிகிறது என்று பொருள்.

இந்த வேலையில் தோள்பலத்துக்கு அதிக இடமில்லை. ஒன்றைச் சோதித்து விலக்கிவிட்டு அடுத்ததற்குப் போகும் பொறுமை வேண்டும். அடுப்பு பற்றாதபோது விறகு ஈரமா, சாம்பல் அடைத்திருக்கிறதா, காற்று போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் இந்த முறை தெரிந்ததுதான்.

லெவிட்டின் நூலின் பெயர் 'தி உமன் அண்ட் தி கார்', அதாவது பெண்ணும் காரும். அதிலுள்ள புகைப்படங்களில் அவரே காரின் பாகங்களைத் தொட்டுக் காட்டுகிறார். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடியை உடன் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். பின்னோக்குக் கண்ணாடி காரின் பொதுவான பாகமாக ஆவதற்கு முந்தைய யோசனை அது. தனியாகப் போகும் பெண் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது நல்லது என்றும் எழுதுகிறார். சாலை பெண்ணுக்கு எப்படிப்பட்ட இடமாக இருந்தது என்பதை அந்த ஒரு அறிவுரையே சொல்லிவிடுகிறது. கார் வாங்கும் வசதி படைத்த பெண்களை நோக்கித்தான் அந்த நூல் பேசுகிறது. உழைக்கும் பெண்கள் அதன் வாசகர்களாகக் கருதப்படவில்லை. இந்த எல்லையை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் இன்ஜின் உனக்குப் புரியும் என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு எழுதியது பெரிய விஷயம்.

ஏனென்றால் வெளியில் நிலைமை வேறாக இருந்தது. 1907 இல் இங்கிலாந்தில் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடம் திறக்கப்பட்டபோது பெண்கள் ஓட்ட அனுமதி இல்லை. அதற்குள் பெண்களுக்கான வேகச் சாதனையைக் கையில் வைத்திருந்த லெவிட்டும் திருப்பி அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு பெண்களுக்கென்று தனியாக ஒரு பந்தயம் நடத்தினார்கள். அதில் மியூரியல் தாம்ஸன் வென்றார். முதல் உலகப் போரில் அவரே போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டினார்.

பெண்கள் கார் ஓட்டியதையோ பழுது பார்த்ததையோ அந்தக் காலம் மறைக்கவில்லை. பத்திரிகைகள் ஆர்வமாகவே எழுதின. அந்தத் திறமைக்கு என்ன பொருள் கொடுத்தார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் காரில் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார் என்றும், தேய்ந்த மின்கம்பியைக் காலுறைப் பட்டியால் சுற்றினார் என்றும் சொல்வார்கள். இந்தக் கதை எங்கே சொல்லப்பட்டாலும் ஊசியும் பட்டியும்தான் முன்னால் வந்து நிற்கும். ஊசியை எடுப்பதற்கு முன் அடைப்பு எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த அறிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தக் காரை உருவாக்கத் தன் சீதனப் பணத்தைக் கொடுத்தவரும் அவர்தான். காப்புரிமை கணவர் பெயரில் இருந்தது.

லெவிட்டின் நூல் வந்த அதே 1909 இல் அமெரிக்காவில் 22 வயது அலிஸ் ராம்ஸி நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு 59 நாட்களில் கார் ஓட்டிச் சென்றார். உடன் வந்த மூன்று பெண்களுக்கும் ஓட்டத் தெரியாது. 11 டயர்களை மாற்றியதும், ஸ்பார்க் பிளக்குகளைச் சுத்தம் செய்ததும், உடைந்த பிரேக் பெடலைச் சரிசெய்ததும் அவரே. பயணத்துக்கு ஆதரவு தந்தது அந்தக் காரைத் தயாரித்த மாக்ஸ்வெல் நிறுவனம். ஒரு பெண்ணே ஓட்டிவிட்டாள், அப்படியென்றால் எங்கள் காரை யாரும் ஓட்டலாம் என்பது அதன் விளம்பரக் கணக்கு. எட்ஜ் போட்ட கணக்கும் இதற்குத் தூரமானதல்ல. ஆண் ஓட்டினால் அது அவனுடைய திறமை, பெண் ஓட்டினால் அது காரின் எளிமை. பெண்களின் அறிவைத் தடை செய்வதைவிட அழகாக அழிக்கும் வழி இது.

1912 இல் கடிலாக் கார்களில் சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி சுழற்றும் ஆபத்து ஆண், பெண் இருவருக்குமே நீங்கியது. ஆனால் அதைப் பெண்களுக்கான வசதி என்று பேசினார்கள். மணிக்கட்டு முறிந்த ஆண்கள் அந்தப் பேச்சில் காணாமல் போனார்கள். பெண் என்றால் பொத்தானை அழுத்துகிறவள், பானெட்டுக்குள் கைவைக்கத் தேவையில்லாதவள் என்ற எண்ணம் மெல்லப் படிந்தது.

லெவிட் 1910 க்குப் பிறகு பொதுவெளியிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோனார். 1922 இல் லண்டனில் தன் 40 ஆம் வயதில் இறந்தார்.

அவருடைய நூல் வெளிவந்த 1909 இல்தான் பியாட்ரிஸ் ஷில்லிங் பிறந்தார். பொறியியல் படித்த அவர், லெவிட்டுக்குக் கதவு சாத்திய அதே புரூக்லேண்ட்ஸ் தடத்தில் 1934 இல் மணிக்கு 100 மைலுக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் சட்டென்று மூக்கைக் கீழே சாய்த்துப் பாயும்போது இன்ஜின் தடுமாறி நின்றது. காரணம், மிதவை வைத்த கார்புரேட்டரில் முதலில் பெட்ரோல் வராமல் போவதும் பிறகு அளவுக்கு மீறி வெள்ளமாய்ப் புகுவதும். 1941 இல் ஷில்லிங் அதற்குத் தந்த தீர்வு, பெட்ரோலின் பாய்ச்சலை அளந்து விடும் துளையுள்ள ஒரு சிறு உலோக வளையம். விமானத் தளம் விமானத் தளமாகப் போய் அதைப் பொருத்துவதை அவரே மேற்பார்த்தார். வளையத்துக்கு ஆண்கள் வைத்த பெயரோ அவருடைய உடலைக் கேலி செய்யும் இரட்டை அர்த்தப் பெயர். போருக்குப் பின் அவரும் கணவரும் பந்தயக் கார்களைப் பிரித்துச் சீர்செய்து ஓட்டினார்கள்.

பெர்தா ஊசியால் திறந்த குழாயிலும், ஷில்லிங் வளையத்தால் அளந்த பெட்ரோலிலும் கேள்வி ஒன்றுதான்: பெட்ரோல் எங்கே நிற்கிறது, எங்கே மிகுகிறது? அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பெண்கள் கார் பிறந்த நாளிலிருந்தே இருந்திருக்கிறார்கள். அடுத்த முறை நின்றுபோன வண்டியைச் சுற்றி நாலு பேர் கூடினால், சாவியை நீட்டுவதற்கு முன் நாமே ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்க்கலாம்.