வாளும் ஆணையும்

ஜப்பானின் நிலவுடைமைக் காலத்தை இன்றைய இளைஞருள் பலர் அறிவது வரலாற்று நூல்களின் வாயிலாக அன்று. அனிமே எனப்படும் ஓவியத் திரைத்தொடர்களின் வாயிலாகவே. அத்தொடர்களுள் குருதிப் பெருக்கால் பெயர்பெற்றது, மேட்ஹவுஸ் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் பன்னிரண்டு பகுதிகளாகத் தயாரித்த 'ஷிகுருய்' ஆகும். உடல் பிளவுறுவதும் குடல் சரிவதும் அதில் ஒளிவுமறைவின்றிக் காட்டப்பெறுகின்றன. இக்கொடுமை வரலாறா, கற்பனையா என்னும் வினா எழுதல் இயல்பே.

கதை 1629-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. சுருகா நாட்டை ஆண்ட தொகுகாவா தடநாகா தன் கோட்டையில் வாட்போட்டி ஒன்றை ஏற்பாடு செய்கிறான். மரவாளை விலக்கிக் கூரிய வாளால் பொருதுமாறு ஆணையிடுகிறான். மூத்த ஊழியர் ஒருவர் தம் வயிற்றைத் தாமே கிழித்து அவனைத் தடுக்க முயன்றும் பயனில்லை. கையொன்றை இழந்த புஜிகியும், கண்ணிழந்து காலும் ஊனமுற்ற இராகோவும் களத்தில் எதிரெதிரே நிற்கின்றனர்.

தடநாகா கற்பனை மாந்தன் அல்லன். இரண்டாம் ஷோகன் ஹிதெதாதாவின் மகன். மூன்றாம் ஷோகன் இயெமித்சுவின் தம்பி. தீய நடத்தையின்பொருட்டு 1631-இல் காவலில் வைக்கப்பெற்று, பின்னர்த் தன் வயிறு கிழித்து மாண்டவன். ஆயினும், அப்போட்டி வரலாற்றில் நிகழ்ந்ததன்று. நான்ஜோ நொரியோ 1956-இல் எழுதிய புதினத்தில் பிறந்து, யமகுச்சி தகயுகியின் சித்திரக்கதை வழியே திரைக்கு வந்ததாகும்.

உண்மையில், ஓசகா கோட்டை வீழ்ந்த 1615-ஆம் ஆண்டோடு ஜப்பானின் பெரும்போர்கள் ஓய்ந்தன. 1637-இல் மூண்ட ஷிமபாரா கிளர்ச்சியை ஒதுக்கிவிட்டால், அதன்பின் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டில் அமைதியே நிலவிற்று. சாமுராய் என்போர் தலைவன் அளக்கும் நெல்லை ஊதியமாகப் பெற்றுக் கணக்கும் காவலும் பார்த்த ஊழியராயினர். வாள் இடையிலே கிடந்தது. ஆணையோ தலைமேல் நின்றது. 1651-இல் இயெமித்சு இறந்தபோது உயரதிகாரிகள் சிலர் உடன் உயிர்துறந்தனர். அவ்வழக்கத்தை 1663-இல் அரசே தடைசெய்ய வேண்டியதாயிற்று எனின், அது எத்துணை வேரூன்றியிருந்தது என்பது புலனாகும்.

தொடரின் பெயரும் ஈண்டு எண்ணத்தக்கது. 'ஷிகுருய்' என்பதற்குச் சாவின் வெறி என்பது பொருள். 'ஹகாகுரே' என்னும் நூலிலிருந்து எடுக்கப்பெற்ற சொல் அது. அந்நூலின் கருத்துகளைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூறிய யமமொதோ த்சுனெதொமோ போர்க்களம் கண்டவரல்லர். 1700-இல் தம் தலைவர் மறைந்தபோது உடன் இறக்கத் தடை இருந்தமையால் துறவு பூண்டவர். சாவைப் போற்றிய சொல் போரில் அன்று, அமைதியில் பிறந்தது!

அச்சொல் அமைதியோடு நின்றுவிடவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் அச்சேறிய அந்நூலை 1930-களின் படைத்துறை ஆட்சி போற்றிப் பரப்பியது. இடையில் வாள் தாங்கிய அதிகாரிகள் 1942 முதல் 1945 வரை மலாயாவை ஆண்டதை இந்நாட்டு முதியோர் அறிவர். நான்ஜோவின் புதினமோ அப்போர் முடிந்து பதினோராண்டுகள் கழிந்தபின் வெளிவந்தது. கேள்வியின்றிக் கீழ்ப்படிதலின் முடிவு யாது என்பதை அது காட்டுகிறது எனக் கொள்ளுதல் தகும்.

எனவே, திரையிற் பாயும் குருதியின் அளவைக் கொண்டு அக்காலத்தை மதிப்பிடுதல் பிழையாகும். குருதியை ஓவியன் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால், ஒருவன் மனம்போன போக்கில் இட்ட ஆணைக்கு மற்றவர் உயிர் கொடுத்த நிலை மிகையன்று. இளைஞர் அஞ்ச வேண்டியது வெட்டிய வாளுக்கு அன்று. வெட்டென்ற சொல்லுக்கும், அதன்முன் குனிந்த தலைகளுக்குமே ஆகும்.