ஆஸ்: ரோமக் குடியரசின் வெண்கல நாணயம்

ஆஸ் என்பது ரோமக் குடியரசின் அடிப்படை வெண்கல நாணயம் ஆகும். இதன் ஒரு பக்கத்தில் இரு முகங்கள் கொண்ட வாயில் தெய்வமான ஜேனஸின் தலையும், மறுபக்கத்தில் போர்க்கப்பலின் முன்பகுதியும் காணப்படும். கி.மு. 241இல் ரோம் கார்த்தேஜைக் கடற்போரில் வென்றது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கப்பல் உருவம் நாணயத்தில் இடம்பெற்றது.

ஓர் ஆஸ் 12 உன்சியாக்களுக்குச் சமம். அதன் சிறு பிரிவுகளிலும் கப்பல் மாறவில்லை. தலை உருவம் மட்டும் மாறியது. அரை ஆஸில் சாட்டர்ன், 4 உன்சியாவில் மினெர்வா, 3இல் ஹெர்குலிஸ், 2இல் மெர்க்குரி ஆகிய தெய்வங்கள் பொறிக்கப்பட்டன. அரை ஆஸுக்குக் கீழ்ப்பட்டவற்றில், எத்தனை உன்சியாவோ அத்தனை புள்ளிகள் இருந்தன. ஆகவே எழுத்தறியாதவரும் மதிப்பை அறிய முடிந்தது.

தொடக்கத்தில் ஆஸ் என்பது ஒரு ரோம பவுண்டு, அதாவது சுமார் 324 கிராம் வெண்கலத்தைக் குறித்தது. கி.மு. 218இல் ஹானிபலுடன் தொடங்கிய போரின் செலவு அரசின் கருவூலத்தை வற்றச் செய்தது. நாணயத்தின் எடை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, கி.மு. 211 அளவில் பவுண்டின் ஆறில் ஒரு பங்காகியது. ஆனால் ஜேனஸும் கப்பலும் அப்படியே நீடித்தன. உலோகம் குறைந்தபோதும், பழகிய உருவங்கள் அது அதே ஆஸ்தான் என்று மக்களுக்குக் கூறின.

குடியரசு மறைந்து பேரரசர்களின் தலைகள் நாணயங்களை நிரப்பின. எனினும் கி.பி. 5ஆம் நூற்றாண்டில்கூட ரோமச் சிறுவர்கள் காசைச் சுண்டி, நாம் ‘பூவா தலையா’ என்பதுபோல, ‘தலையா கப்பலா’ என்று கூவியதாக மக்ரோபியஸ் குறிப்பிடுகிறார்.